மனசுக்குள் ஓடும் பாட்டை எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஒரு சின்னப் பரீட்சை வைக்கட்டுமா?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாணத்தில், முகூர்த்த நேரம் நெருங்கியதும் யாரோ ஒரு பெரியவர் கையை ஆட்ட, கெட்டிமேளம் கொட்டினார்களே... அதை நினைத்துப் பாருங்கள். தவில் கேட்கிறதா? அதற்கு மேலே நாதஸ்வரம்?

நிச்சயம் கேட்டிருக்கும். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ ஓடவில்லை. பக்கத்து வீட்டிலும் விசேஷம் இல்லை. பின்னே யார் வாசித்தது?

இப்போது இரண்டாவது கேள்வி. அந்த நாதஸ்வரம் மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் திருதிருவென்று விழிப்போம். பாட்டு கேட்கிறது; ஆனால் அது எந்த வழியாகப் போகிறது என்று சொல்லத் தெரியவில்லை. எழுதச் சொன்னால் அம்போ!

'கை பார்த்துக் கஷாயம் எழுத வேண்டிய சித்த வைத்தியருக்குப் பாட்டெழுத்து எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் தொழிலில் எனக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-ல் பிறந்து, தஞ்சாவூரில் பேரும் புகழுமாக வைத்தியம் பார்த்த ஆபிரகாம் பண்டிதர். மூலிகைத் தோட்டம் போட்டு மருந்து செய்து விற்றவர், அந்தப் பணத்தில் 1912-லிருந்து தஞ்சாவூரிலேயே இசை மாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்று மற்றவர்கள் சொல்ல, இல்லை 24 என்று வாதாடினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்று தலையணை மாதிரி ஒரு புத்தகம் போட்டார். ஆக, வைத்தியனுக்கும் சுரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு அந்த அளவு ஞானமெல்லாம் கிடையாது. நான் இதில் மாட்டிக்கொண்டது ஒரு கேசட்டால்.

1993-ல் என் அக்கா மகளுக்குத் தொட்டில் போட்ட அன்று, அம்மா பாடிய தாலாட்டையும் ஊஞ்சல் பாட்டையும் ஒரு கேசட்டில் பதிவு செய்தேன். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனால் நலங்கு, ஊஞ்சல், தாலாட்டு, கும்மி என்று எதற்கும் பாட்டு வைத்திருப்பாள். கேசட்டைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தேன். 2016-ல் எடுத்துப் பார்த்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. டேப் ரிக்கார்டரில் போட்டேன். நாலு சுற்று சுற்றியது. அப்புறம் நாடாவை இழுத்துச் சுருட்டித் தின்றுவிட்டது.

சரி, அம்மாதான் இருக்கிறாளே, மறுபடி பாடச் சொல்லலாம் என்று போனால், அம்மாவுக்குக் காது வெகுவாக மந்தமாகியிருந்தது. பாட்டும் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தது. என் சித்தி ஒரு நோட்டில் 31 பாட்டுகளின் வார்த்தைகளை எழுதி வைத்திருந்தாள். வார்த்தை இருக்கிறது, மெட்டு இல்லை! மெட்டில்லாத தாலாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மளிகைச் சீட்டு மாதிரி படிக்கலாம்.

அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், எழுதக் கற்றுக்கொள்வது என்று. எங்கள் தெருவில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சரம்மாவிடம் போய் நின்றேன். "என்ன டாக்டர் சார், பாப்பாவைச் சேர்க்கணுமா?" என்றார். "இல்லம்மா, என்னைத்தான்" என்றேன். அரை நிமிஷம் சிரிப்பை அடக்கினார்; பிறகு பாய் போட்டார்.

உள்ளே கேட்பது எந்தக் காது?

வைத்தியத்தில் 'உட்செவி' என்று ஒன்று உண்டு. நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் உறுப்பு. அதற்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். வெளிச்சத்தம் வந்து அவற்றை அசைக்க, அசைவு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. நான் சொல்லும் உள்காது அது அல்ல. அதற்கும் அந்தப் பக்கம், மூளையில் இருப்பது.

மூளைக்குள் நடப்பதைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்தபிறகு, 1990-களிலிருந்து பல ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆட்களைக் கருவிக்குள் படுக்க வைத்து, சத்தமே இல்லாமல் தெரிந்த பாட்டு ஒன்றை மனசுக்குள் ஓடவிடச் சொன்னார்கள். நிஜமாகப் பாட்டுக் கேட்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் சில அப்போதும் வேலை செய்தன. ஆக, 'காதுல ஒலிச்சிக்கிட்டே இருக்கு' என்று நாம் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல.

ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது வயதுக்குள்ளேயே காது மந்தமாக ஆரம்பித்து, 1802-ல் அந்த வேதனையைத் தன் தம்பிகளுக்கு ஒரு கடிதமாக எழுதினார். அவருடைய ஒன்பதாவது சிம்பொனி 1824 மே மாதம் வியன்னாவில் அரங்கேறியபோது, ஜனங்கள் கைதட்டியது அவருக்குக் கேட்கவில்லை. ஒரு பாடகி அவரைத் திருப்பி நிறுத்திக் காட்டினாள் என்பார்கள். அத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்துக்கான இசையை அவர் எங்கே கேட்டு எழுதினார்? உள்ளேதான். 'அவர் மேதை, நாம் முடியுமா?' என்பீர்கள். ஆனால் ஒன்றை மறக்கிறோம். காது போன பிறகு அவருக்கு இந்தத் திறமை வரவில்லை. காது நன்றாக இருந்த காலத்தில் வருஷக்கணக்காகப் பழகியது, காது போன பிறகும் கைவிடவில்லை.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு மனசுக்குள் ஓசையே கேட்காது. 'எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கேக்கலியே' என்பார்கள். அது நோயல்ல. மனுஷருக்கு மனுஷர் அந்த அளவு வித்தியாசம் உண்டு. அவர்கள் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடியே எழுதிக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கத்தை நான் முதலில் கற்றது பாட்டில் அல்ல, நாடியில். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர், நோயாளியின் மணிக்கட்டில் எங்கள் மூன்று விரலை வைக்கச் சொல்லி, "என்ன கேக்குது?" என்றுதான் கேட்பார். 'என்ன தெரியுது' என்று கேட்கமாட்டார். வாதம் அன்னம் போல, மயில் போல நடக்கும். பித்தம் ஆமை போல. ஐயம் தவளை போல, பாம்பு போல என்று நூல்கள் சொல்கின்றன. முதல் வருஷம் எங்களுக்கு எல்லா நாடியும் 'டக் டக்'தான்! ஆயிரம் கை பிடித்த பிறகு நடை தெரிய ஆரம்பித்தது. கையை எடுத்த பிறகும் அந்த நடை விரலில் நின்றது. மூன்று நாடியின் அளவும் எங்கள் கணக்கில் ஒன்று, அரை, கால் மாத்திரை. மாத்திரை என்பது விழுங்குகிற மாத்திரை மட்டும் இல்லை பாருங்கள்! எழுத்தின் ஒலியளவுக்கும் பாட்டின் காலஅளவுக்கும்கூட அதுதான் பேர்.

சத்தமில்லாமல் பாடிப் பாருங்கள்

இனி பழக்கத்துக்கு வருவோம். தினமும் கால் மணி நேரம் போதும். எங்கள் வீட்டில் விளக்கேற்றின பிறகு, டி.வி. போடுவதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டோம். (டி.வி.க்குப் பின்னால் என்று வைத்தால் ஒருநாளும் நடக்காது.)

ஒரு சுருதிப்பெட்டி வேண்டும். இப்போது செல்போனிலேயே தம்புரா வருகிறது. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டை என்று உங்கள் தொண்டைக்குச் சுகமாக எது இருக்கிறதோ அதை வையுங்கள். 'ஸ' என்று நிதானமாகப் பாடுங்கள். சுருதியை நிறுத்துங்கள். விரலால் நாலு எண்ணுங்கள். அந்த நாலு எண்ணிக்கையும் 'ஸ' உள்ளே ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மறுபடி வாய்விட்டுப் பாடிச் சுருதியைப் போட்டுப் பாருங்கள். சேர்ந்ததா? சேர்ந்தால் நாலை எட்டாக்குங்கள், பதினாறாக்குங்கள். முதல் வாரம் எனக்கு எட்டுக்கே இறங்கிப்போனது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது குடும்பமாக விளையாடுவது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை, கையில் தாளம் போட்டபடி சேர்ந்து பாடுங்கள். ஒருவர் கையைத் தூக்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளவேண்டும். தாளம் மட்டும் நிற்கக்கூடாது. பாட்டு உள்ளே ஓடட்டும். கையை இறக்கினதும் அந்த இடத்திலிருந்து எல்லோரும் பாடவேண்டும். முதல் தடவை ஒருத்தர் பல்லவியில் இருப்பார், ஒருத்தர் சரணத்துக்கே போயிருப்பார்! ஒரே சிரிப்பாக இருக்கும். பத்து நாளில் பாருங்கள், வார்த்தையும் சுருதியும் ஒன்றாக வந்து விழும். என் பெண் இதில் என்னைச் சுலபமாகத் தோற்கடிப்பாள்.

மூன்றாவதுதான் முக்கியம். குழந்தைகள் சங்கீதத்தில் முதல் நாள் படிக்கும் சரளி வரிசை இருக்கிறதே, ஸ ரி க ம ப த நி ஸ. அதை முதலில் நன்றாகப் பாடிப் பழகுங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் சொல்லித்தருவார்கள். பிறகு 'ஸ' வாய்விட்டு, 'ரி க ம' மனசுக்குள், 'ப' வாய்விட்டு. சரியான இடத்தில் விழுந்ததா என்று சுருதியோடு ஒத்துப் பாருங்கள். 'ப' வந்துவிட்டால் இடையில் இருப்பதை விட்டுவிட்டு ஸ-விலிருந்து நேரே ப-வுக்குத் தாவுங்கள். அப்புறம் ஸ-விலிருந்து ம. அப்புறம் மேல் ஸ. இந்த மூன்று தாவலும் கைவந்தால் பாதிப் பாட்டு உங்கள் பிடியில் வந்த மாதிரி.

இதைச் செய்யும்போது தொண்டையில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். வாய் மூடியிருந்தாலும் தொண்டை லேசாக அசையும். சின்னப் பிள்ளைகள் மனசுக்குள் படிக்கும்போதும் உதடு அசையுமே, அதே கதை. தப்பில்லை. நாள்பட அதுவே குறையும்.

நடுவில் தெருவையும் கவனியுங்கள். குயில் கூவுகிறதே, அது ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டே போகும், உச்சியில் போய்ச் சட்டென்று நிறுத்திவிடும். கீரைக்காரம்மா கூவும்போது கடைசி எழுத்தை மேலே தூக்குகிறாரா, கீழே போடுகிறாரா? ஏறுகிறது, இறங்குகிறது, அப்படியே நிற்கிறது... இந்த மூன்றை மட்டும் ஒரு காகிதத்தில் கோடாகப் போட்டுப் பழகுங்கள். சுரத்தின் பேர் பிறகு வரும். நான் கிளினிக்கில் கூட்டமில்லாத நேரத்தில் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இப்படித்தான் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். கம்பவுண்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

எழுதுவது எப்படி?

பாட்டை எழுதுவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. புதுக்கோட்டை பக்கம் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டிலேயே பாறையில் சுரங்களை நாலு நாலாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் பழைய தமிழில் ஏழு சுரத்துக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பேரே இருந்திருக்கிறது.

எல்லோரும் செய்யும் தப்பு, முதலில் சுரத்தைத் தேடுவது. நானும் செய்தேன். 'இது க-வா, ம-வா' என்று முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு அரைமணி நேரம் போகும். டீச்சரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "முதல்ல கட்டம் போடுங்க சார்" என்றார்.

தாளம்தான் கட்டம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீசுவது இரண்டு தடவை. எட்டுக் கட்டம் போட்டு, பாட்டின் வார்த்தைகளைக் கீழே பிரித்து எழுதுங்கள். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது, எது இரண்டு கட்டத்துக்கு நீள்கிறது என்று தெரிந்துவிடும். எல்லாப் பாட்டும் ஆதிக்குள் அடங்காது. அம்மாவின் தாலாட்டில் பாதி மூன்று மூன்றாகப் போனது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடிப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

வார்த்தை உட்கார்ந்தாச்சா? இப்போது வார்த்தையை மறந்துவிட்டு 'லலலா' என்று பாடுங்கள். ஏனென்றால் நம் கவனம் எப்போதும் வார்த்தையின் பின்னாலேயே ஓடும், மெட்டைக் கேட்கவே விடாது. பாட்டு ஓடி ஓடி எங்கே வந்து நிம்மதியாக உட்காருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் 'ஸ'. அதைக் கண்டுபிடித்த பிறகு அந்த வரியின் முதல் சுரம், கடைசிச் சுரம், ஆக உயரம், ஆகத் தாழ்வு, இந்த நாலை மட்டும் ஸ-விலிருந்து ஏணி ஏறி எண்ணிக் குறியுங்கள். நடுவில் இருப்பதை அப்புறம் நிரப்பலாம். வீட்டுக்குச் சுவர் வைக்குமுன் மூலைக்கல் நடுகிறோமே, அதுபோலத்தான்.

ரி, க, ம, த, நி ஒவ்வொன்றிலும் தாழ்ந்தது, உயர்ந்தது என்று வகை உண்டு. ரி1, ரி2 என்று எண் போட்டுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அதற்காக அழவேண்டாம். 'சின்ன ரி, பெரிய ரி' என்றுகூட நான் எழுதியிருக்கிறேன். மேல் ஸ்தாயி சுரத்துக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. ஒரு சுரம் இன்னொரு எண்ணிக்கை நீண்டால் ஒரு கால்புள்ளி, இரண்டு நீண்டால் அரைப்புள்ளி. இரட்டை வேகத்தில் ஓடினால் மேலே ஒரு கோடு. தாளத்தின் ஒரு பகுதி முடிந்தால் ஒற்றைச் செங்குத்துக் கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரட்டைக் கோடு. இவ்வளவுதான் சாமான்! அஞ்சறைப் பெட்டியை விடக் குறைவு.

தாலாட்டில் ஒரு சிக்கல் வரும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குறிஞ்சி, நவரோஜ், புன்னாகவராளி மாதிரி ராகங்கள் ரொம்ப உயரம் போகாது. அவற்றை 'ம'-வையே 'ஸ' போல வைத்துப் பாடுவார்கள், மத்யம சுருதி என்று பேர். நம் பாட்டிமார் பாட்டில் இந்தச் சாயல் நிறைய. 'ஏணி சரியாகப் போடுகிறேன், ஆனாலும் பொருந்தவில்லையே' என்று தோன்றினால் இதைச் சந்தேகப்படுங்கள். நான் இது தெரியாமல் இரண்டு மாதம் ஒரு தாலாட்டோடு மல்லுக்கட்டினேன்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, எழுத்துக்குள் லேசில் அடங்காது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி வழி வந்தவர், 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனிக் குறி போட்டார். நமக்கு அத்தனை வேண்டாம். அசைகிற இடத்தில் ஒரு அலைக்கோடு போதும். பக்கத்தில் பேச்சுத் தமிழிலேயே 'இங்கே வழுக்கி இறங்கு' என்று எழுதுங்கள். உங்கள் பேத்திக்குப் புரிந்தால் சரி.

'அதான் செல்போன் இருக்கே, பதிவு பண்ணிட்டாப் போச்சு' என்பார் என் மருமகன். பதிவும் பண்ணுங்கள். கட்டாயம் பண்ணுங்கள். ஆனால் என் கேசட் கதை போனுக்கும் வரலாம். போன் மாற்றும்போது எத்தனை போட்டோ போனது என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, பதிவு செய்த பாட்டை நாம் மறுபடி கேட்பதே இல்லை. எழுதவேண்டுமென்றால் ஒரு வரியை நாற்பது தடவை கேட்டாகவேண்டும். அதற்குள் அது நம் பாட்டாகிவிடும்.

காது விஷயத்தில் கொஞ்சம் கவனம்

வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. ச, ப, ட, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஓசைகளில் பல அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பாட்டின் மெட்டு பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பது. அதனால்தான் பெரியவர்கள் 'பேசறது கேக்குது, என்ன பேசறேன்னு புரியல' என்கிறார்கள். ஆனால் பழைய பாட்டைப் போட்டால் தலையாட்டுகிறார்கள். 'வேணுங்கிறது மட்டும் காதுல விழுது' என்று மருமகள்கள் சண்டைக்குப் போகவேண்டாம்!

நத்தைக்கூட்டு மயிரிழைச் செல்கள் நமக்குச் செத்தால் திரும்ப முளைக்காது. 85 டெசிபல், அதாவது நெரிசலான சாலைச் சத்தம், ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது கணக்கு. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்வரிசை நாற்காலி எத்தனை நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு முழுச் சத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் எல்லை என்று சொல்லி வையுங்கள்.

கோழி இறகு, ஹேர்பின், தீக்குச்சி எதுவும் காதுக்குள் போகக்கூடாது. எண்ணெய் விஷயத்தில் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: நீங்களாகக் காய்ச்சிக் காதில் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ கெடுதல்தான். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் என்னிடம்கூட வரவேண்டாம். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். நாள் கடந்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

காது மந்தமான பெரியவர்களில் சிலர், 'யாரோ பாடிக்கிட்டே இருக்காங்க, நிறுத்தச் சொல்லு' என்பார்கள். வீட்டார் பயந்து மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். புத்தி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தம் குறைந்தபோது மூளை தானாகப் பாட்டை எழுப்புவதும் உண்டு. காதைப் பரிசோதித்துக் கருவி வைத்தால் பலருக்குக் குறைகிறது. ஆனால் டாக்டர் பார்த்துத்தான் அதைத் தீர்மானிக்கவேண்டும்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் சிலருக்கு, பேசவராத வார்த்தை பாட்டாக வருவதையும் பார்க்கிறோம். அதை வைத்தே 1973-ல் அமெரிக்காவில் ராகம் போட்டுப் பேச்சுப் பழக்கும் ஒரு சிகிச்சையை உண்டாக்கினார்கள். இதையெல்லாம் சொன்னதும், 'பாட்டு எழுதினால் மறதி நோயே வராதா டாக்டர்?' என்று கேட்பீர்கள். அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. கொடுப்பவர்களை நம்பவும் வேண்டாம்.

அம்மா பக்கம் வருகிறேன். கருவி வாங்கிக் கொடுத்தோம். "கொய்ங்குனு கத்துது, எடுத்துத் தூரப் போடு" என்றாள். கருவிகள் பெரும்பாலும் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. பாட்டுக்கென்று வேறு அமைப்பு வைத்துத் தரும்படி கேட்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. 2017 ஆவணி வாக்கில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் பக்கத்தில் நோட்டோடு உட்கார ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அப்போது 74 வயது. ஒரு வரி பாடுவாள். ஆச்சரியம் என்னவென்றால், நான் பேசுவது சரியாகக் கேட்காதவள் சுருதி விலகாமல் பாடினாள். நாலு கட்டையில் ஆரம்பித்தால் முடிக்கும்போதும் நாலு கட்டை. வெளிக்காது மங்கியும் உள்காது அப்படியே இருந்தது.

நான் எழுதி, அவள் காதருகில் வாயை வைத்துத் திருப்பிப் பாடுவேன். உடனே கையை அசைப்பாள். "ஏல ஐயா, அப்படி இல்ல. அங்கன கொஞ்சம் எறங்கி வரணும்லா?" எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை விரலால் வழித்துக் காட்டுவாள். அந்த வழிப்பில் க-விலிருந்து ரி வழியாக ஸ-வுக்கு வரும் இறக்கம் இருந்தது. முதல் பாட்டின் முதல் வரி எழுதி முடிக்க எனக்கு மூன்று மாதம். கடைசிப் பாட்டுகள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று.

31-ல் 19 எழுதினேன். 2021-ல் அம்மா போய்விட்டாள்.

நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே என்ன கட்டை, என்ன தாளம், எந்தச் சடங்கு, அம்மா அதை யாரிடம் கேட்டாள் என்று குறித்திருக்கிறேன். நீங்களும் மறக்காமல் குறியுங்கள். பிற்பாடு இதைக் கேட்க ஆள் இருக்காது. மீதி 12 பாட்டுக்குக் கீழ் வரியில் வார்த்தை இருக்கிறது, மேல் வரி காலி. அதில் நலங்குப் பாட்டு ஒன்று, மஞ்சள் பூசும்போது பாடுவது. அதன் இரண்டாவது வரி உயரே போகும் என்பது மட்டும் எனக்குள் கேட்கிறது. எங்கே இறங்கும் என்பது தெரியவில்லை. சித்தி சங்கரன்கோவிலில் இருக்கிறாள், வயது 77. காது நன்றாகவே கேட்கிறது, போனில்தான் பாடமாட்டேன் என்கிறாள். தை பிறந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.